திருக்கைக்கும் புறாவுக்கும் போட்ட ஒப்பீட்டுப் பட்டியல்

போன மாதம் ஷார்ஜாவிலிருந்து பிரவீன் பேசினான். நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன். கொள்முதல் பிரிவுக்குப் புது மென்பொருள் வந்துவிட்டதாம். மூன்று கம்பெனிகள் அனுப்பும் கொட்டேஷன்களை உள்ளே போட்டால் அதுவே ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரித்து, எது மலிவோ அதற்குப் பச்சை நிறம் பூசிக் கொடுத்துவிடுகிறதாம். "இனிமே எதையும் எதோடயும் கம்பேர் பண்ணலாம் சார்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, நான் ஒரு தடவை திருக்கை மீனையும் புறாவையும் ஒப்பிட்டுப் பட்டியல் போட்டதாக ஆபீசில் ஒரு கதை உலவுகிறதே, அது உண்மையா, இல்லை நான் ரிட்டயராகிப் போன பிறகு யாராவது கட்டிவிட்டதா என்று கேட்டான்.

உண்மைதான். எழுதி அனுப்புங்கள் என்று கேட்டான், எழுதுகிறேன். நான் தினமும் டைரி எழுதுகிறவன். அதனால் இதில் நினைவுப் பிசகு அதிகம் இருக்காது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சிறியது. கோவில்பட்டியில் பி.காம். முடித்தேன். தம்மாமில் ஒரு கட்டட நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். சிமெண்ட் மூட்டைகளைக் காவல் காத்த பிறகு, அவற்றை வாங்குகிற மேசைக்கு மாற்றினார்கள். அங்கே கற்றது ஒரே பாடம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே தரையில் நிறுத்த வேண்டும். ஒருவன் பம்புக்கு மட்டும் விலை சொல்லியிருப்பான். இன்னொருவன் மோட்டாரையும், சைட்டில் இறக்கிக் கொடுக்கும் கூலியையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். இரண்டையும் அப்படியே பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் மலிவானவன் ஜெயிப்பான், பம்பு ஓடாது. விட்டதைச் சேர்த்து, கூடியதைக் கழித்து, சமமாக்கிவிட்டுத்தான் வட்டம் போட வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாம் அந்த வட்டத்தில் முடியும். ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். யாருக்கு வட்டம் அதிகமோ அவருக்கு ஆர்டர்.

ஷார்ஜாவில் நான் சேர்ந்த கம்பெனி காட்சிப் பொருள்கள் செய்வது. மால்களில் தலையாட்டும் டைனோசர், ரமலானுக்குப் பெரிய விளக்குகள், ஓட்டல் வாசலுக்கு ஒட்டகம். பட்டறையும் ஆபீசும் தொழிற்பேட்டையில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நான் ரோலாவில் குடியிருந்தேன்.

பொதுமேலாளர் தயாபரன் யாழ்ப்பாணத்துக்காரர். ஒப்பீட்டுப் பட்டியலை அவர் படிக்கிற விதத்தைப் பார்ப்பதற்காகவே நான் அவர் அறையில் நின்றிருக்கிறேன். முதலில் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து, மேல் வரிசையில் கம்பெனிகளின் பெயர்கள் இருக்கும் இடத்தில் குறுக்கே வைத்து மறைத்துவிடுவார். பால் இல்லாத தேநீர் ஒரு கோப்பை, பக்கத்தில் சின்னத் துண்டுகளாக உடைத்த பனங்கட்டி. ஒரு கம்பெனியின் பத்தியை மேலிருந்து கீழாகப் படித்து முடித்தால் ஒரு துண்டைக் கடிப்பார். எல்லாப் பத்தியும் முடிந்த பிறகு வட்டம் போடுவார். அதற்குப் பிறகுதான் ஸ்கேலை எடுத்து, யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பார்ப்பார். ஒரு தடவை அவருடைய சொந்த மச்சானின் கம்பெனி தோற்றது. ஸ்கேலை எடுத்துப் பெயரைப் பார்த்தார், இன்னொரு துண்டு பனங்கட்டியைக் கடித்தார், கையெழுத்துப் போட்டார்.

ஏன் சார் இப்படி என்று புதிதில் கேட்டேன். "ஆள் ஆரெண்டு தெரிஞ்சால் இலக்கம் மாறித் தெரியும் ஐசே" என்றார். "எனக்கு என்னிலயே நம்பிக்கை இல்லை. அதுக்குத்தான் இந்த இரும்பு."

அவர் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. முடியாததை எல்லாம் "கதைப்பம்" என்பார். கதைப்பம் என்றால் சப்ளையர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இனி கதைக்கு வருகிறேன்.

வடக்கே ஒரு எமிரேட்டில், உப்பங்கழி ஓரமாக வில்லாக்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். வில்லா வாங்க வருகிறவர்கள் முதலில் நுழையும் கூடத்தில் ஒரு 'இயற்கைப் பகுதி' வேண்டும். அழிந்துவரும் ஓர் உயிரினத்தை இந்தக் குடியிருப்பு தத்தெடுக்கும். அதன் உருவம் கூடத்தில் தொங்கும், அதுவே குடியிருப்பின் சின்னமாகவும் இருக்கும். அவர்கள் அமர்த்திய ஆலோசகர் இரண்டு உயிர்களைப் பரிந்துரைத்திருந்தார். கழியின் ஆழமில்லாத தண்ணீரில் குட்டிகள் மேயும் ஒரு திருக்கை. கரையில் இருந்த பழைய தோட்டத்தில் வலசைக் காலத்தில் இறங்கி இளைப்பாறும் ஒரு புறா. இரண்டும் அந்த இடத்தின் பழைய குடிகள். கழியில் பாதியை மண் கொட்டி மேடாக்கித்தான் வில்லாக்கள் எழும்பியிருந்தன. தோட்டம் இருந்த இடம் வண்டி நிறுத்தும் இடமாகியிருந்தது. ஆகவே தத்தெடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது.

இரண்டில் எது என்பதுதான் கேள்வி. அதைக் கொள்முதல் முறைப்படியே முடிவு செய்வோம், ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

தயாபரன் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "திருக்கை எண்டால் எங்கட பட்டறையில ஃபைபரில செய்யலாம். சேவியருக்கு வேலை இருக்கும். புறா எண்டால் அவையள் சொல்லுற சப்ளையரிட்டத் தொகையா வாங்கித் தூக்கிற வேலை மட்டுந்தான். ஃபைபர் செக்ஷனை மூடச் சொல்லி முதலாளி எத்தினை தரம் சொல்லிப்போட்டார். சேவியரிண்ட விசா முடியப்போகுது. புறா எண்டால் கான்சல் பண்ண வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நீர் உள்ளதைத்தான் எழுத வேணும். சேவியருக்காக ஒண்டும் எழுதப்படாது" என்றார்.

சேவியர் குளச்சல் பக்கத்துக்காரர். ஃபைபர் பிரிவு என்பது அப்போது அவர் ஒருவர்தான். இளவயதில் மீன்பிடி லாஞ்சில் வேலை என்று வளைகுடாவுக்கு வந்தவர். ஒரு தடவை நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்த இழுப்பில் வேறொரு நாட்டு எல்லைக்குள் போய்விட்டார்கள். பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்ததும் இனி லாஞ்சில் கால் வைப்பதில்லை என்று ராஸ் அல் கைமாவில் படகு வார்க்கும் பட்டறை ஒன்றில் ரெசினும் கண்ணாடி நாரும் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து எங்களிடம் வந்தார். இப்போது விசா போனால் அவருக்குத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று. அவருடைய மைத்துனர் ராஸ் அல் கைமாவில் ஒரு லாஞ்சு முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, எப்போது வேண்டுமானாலும் விசா தரத் தயார்.

"லாஞ்சுக்குப் போறதுக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"போறதுக்கு என்ன பயம் சாரே? எல்லாவனும் போவான். திரும்பி வாறதுதான் நம்ம கையில இல்ல" என்றார்.

பட்டியல் போட உட்கார்ந்தேன். என் அனுபவத்தில் இவ்வளவு சிரமப்பட்டது இல்லை. ஒன்று நன்றாக வளர்ந்தால் சின்னக் காரின் நீளம் வரும். மற்றது கைக்குள் அடங்கும். திருக்கை என்றால் நம் ஆட்கள் வட்டமாகத் தட்டு மாதிரி இருப்பதை நினைப்பார்கள். இது அது இல்லை. உழுவை என்று சேவியர் ஊரில் சொல்வார்களாம். முன்பாதி ஆப்பு அடித்த மாதிரித் தட்டை, பின்பாதி சுறா. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். புறாவோ நம் ஊர் தவிட்டுப்புறாவுக்கு வசதியான வீட்டு ஒன்றுவிட்ட அக்காள் மாதிரி. சிறகு இறகு ஒவ்வொன்றுக்கும் துரு நிறத்தில் கரை. கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில கோடுகள்.

இரண்டையும் ஒரே தரையில் நிறுத்த வேண்டும். முதல் வரிசையாக 'அழிவின் படி' என்று வைத்தேன். உலக அளவில் உயிரினங்களைப் படி பிரித்து வைத்திருக்கிறார்கள். கவலை இல்லாதவற்றுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனால் புறா மூன்றாம் படியில் நிற்கிறது. திருக்கை ஐந்தாம் படியில். அதற்கு அடுத்த படியில் கடலில் தேடினாலும் கிடைக்காது. எண்ணாகவே எழுதினேன்: மூன்று, ஐந்து.

இரண்டாவது வரிசை, யாரால் சாகிறது. புறாவைக் கொல்கிறவனுக்குப் புறாதான் வேண்டும். வலசை போகும் வழி நெடுக, கடல் தாண்டிக் களைத்து இறங்கும் இடமாகப் பார்த்துத் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். உழுவைக்கு அந்த மரியாதை கூட இல்லை. பெரும்பாலும் வேறு மீனுக்குப் போட்ட வலையில் அது ஏறுகிறது. ஏறிய பிறகு யாரும் திருப்பி அனுப்புவதில்லை. கிழக்கே சூப்பு குடிக்கிறவர்கள் அதன் துடுப்புக்கு உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பெருகும் வேகம். புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும், ஒரே பருவத்தில் மறுபடியும் இடும். உழுவை குட்டி போடுகிற ஜாதி. குட்டிகள் குறைவு, அவை பெரிதாகப் பல வருடங்கள் பிடிக்கும். இந்த வரிசையில் புறாவுக்கு நல்ல தெம்பு.

நான்காவதை எழுதும்போது எனக்கே ஒன்று புரிந்தது. 'மக்களிடம் அறிமுகம்' என்று தலைப்புப் போட்டிருந்தேன். என் மேசைக்கு எதிர் ஜன்னலில் ஏசியின் வெளிப்பெட்டி. அதன்மேல் தவிட்டுப்புறாக்கள் எந்நேரமும் உட்கார்ந்து தொண்டையை உருட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கிறவனிடம் போய்ப் புறா அழிகிறது என்றால் சிரிப்பான். அந்தப் புறாவுக்குப் பெரிய எதிரி அதன் சொந்தக்காரர்கள்தான். உழுவைக்கு வேறு கஷ்டம். வில்லா வாங்க வருகிறவர்களில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கமாட்டார். ஒன்று நிறைய இருப்பதாகத் தெரிவதால் யாரும் கவலைப்படுவதில்லை. மற்றது இருந்ததே தெரியாததால் யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டு பத்திகளிலும் வேறு வேறு காரணம் எழுதி ஒரே விடை வந்த வரிசை அது ஒன்றுதான்.

மீதி வரிசைகள் நம் தொழில் சம்பந்தப்பட்டவை: செய்யும் காலம், தொங்கவிடும் எடை, ஐந்து வருடப் பராமரிப்பு, தூசு. தட்டை முதுகு தூசு சேர்க்கும் என்று உழுவைக்கு எதிராகவே எழுதினேன். உள்ளதைத்தான் எழுதச் சொல்லியிருந்தார். இருந்தாலும் அழிவின் படியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது நான்தான். தத்தெடுப்பது என்றால் அதிக ஆபத்தில் இருப்பதைத்தானே எடுப்பார்கள். முதல் வரிசையிலேயே திருக்கை ஜெயித்துவிடும், தூசு எல்லாம் பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு அவர்கள் பக்கத்திலிருந்து மார்க்கெட்டிங் மேலாளர் நிவேதா வந்தார். தமிழ்ப் பெண், துபாயிலேயே பிறந்து வளர்ந்தவர். தயாபரனிடம் முழுக்க ஆங்கிலம். என்னிடம் மட்டும், என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, தமிழ்.

சேவியர் ஒரு முழ நீளத்தில் மாதிரி உழுவை ஒன்று செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தார். எந்தப் படத்தையும் பார்க்காமல் செய்தது. நிவேதா அதைக் கையில் எடுத்து மல்லாத்திப் பார்த்தார். அடிப்பக்கத்தில் இரண்டு சின்னக் குழிகளும் கீழே ஒரு வளைந்த வாயும். "ஸோ க்யூட். இது சிரிக்குது அங்கிள்" என்றார் என்னிடம்.

"மேடம், கண்ணு மேல்பக்கம் இருக்கு. அது மூக்கு" என்றார் சேவியர். "சிரிக்கயும் இல்ல. செத்தாலும் அதே மொகந்தான்."

நிவேதா அதை மெதுவாகத் திருப்பி வைத்தார். அப்போதே நிலவரம் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு பட்டியலை எடுத்தார். நல்ல பயிற்சி பெற்றவர். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, குறைந்த எண்ணுக்கு வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அழிவின் படியில் மூன்றைச் சுற்றி வட்டம் விழுந்தது. புறாவுக்கு.

தயாபரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஒரு வரிசையில் மட்டும் எண் கூடுதலாக இருப்பதுதான் தகுதி என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அதாவது அதிக ஆபத்தில் இருப்பதற்குத்தான் உதவி அதிகம் வேண்டும்.

நிவேதா அதைத் தெரியாமல் செய்யவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "புரியுது அங்கிள். பட் நாங்க அஞ்சு வருஷம் மெயின்டனன்ஸ் சைன் பண்றோம். நடுவுல அது இல்லாமலே போயிட்டா லோகோவை என்ன பண்றது?"

கொள்முதல்காரனாகப் பார்த்தால் அது சரியான கேள்வி. நலிந்த கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்காதே என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நடுவில் மூடிவிட்டால் உதிரிபாகம் யார் தருவார்? மீட்க வேண்டிய அளவுக்கு ஆபத்தில் இருக்க வேண்டும், ஆனால் நம்பி முதலீடு செய்கிற அளவுக்குத் தெம்பாகவும் இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் புறா கச்சிதமாகப் பொருந்தியது. திருக்கை அளவுக்கு மீறி அழிந்துவிட்டதால் தகுதி இழந்தது.

"புறாவுல ஒரு ஹோப் இருக்கு" என்று முடித்தார் நிவேதா.

வெளியே வந்ததும் சேவியர் மாதிரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "புறா நல்ல சாதனந்தான் சாரே. சமாதானமா இருக்கும்" என்றார். அன்றே மைத்துனருக்குப் போன் செய்துவிட்டார். மந்தூப், அதாவது எங்கள் கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் ஆள், கான்சலேஷன் காகிதங்களைத் தயார் செய்யத் தொடங்கினார். காரணம் என்ற கட்டத்தில் 'வேலை முடிந்தது' என்று எழுதியிருந்தார். வேலை தொடங்கவே இல்லை. அந்தக் கட்டத்துக்கு அவரிடம் வேறு வாசகம் கிடையாது.

புறாக்களை அவர்கள் கைகாட்டிய சப்ளையரிடமே ஆர்டர் செய்தேன். படம் இணைத்தேன், நிற அட்டை இணைத்தேன், கழுத்துக் கோட்டுக்குத் தனிப் படம் இணைத்தேன். திறப்புவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெரிய இடத்து விருந்தினர் ஒருவர் வருவதாக இருந்தது.

பெட்டிகள் வந்தன. பட்டறையில் வைத்து முதல் பெட்டியை நானே பிரித்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று புறாக்கள், சிறகை விரித்தபடி. அடுத்த பெட்டியும் அப்படியே. எல்லாப் புறாவின் அலகிலும் ஒரு சின்ன வெட்டு. எதற்கு என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. சேவியர்தான் ஒன்றை எடுத்துப் பார்த்துச் சொன்னார். "மோதிரம் மாட்டுகதுக்கு சாரே. இது கல்யாணப் புறா."

சப்ளையர் என் கடிதத்தில் முதல் வரியைப் படித்திருக்கிறார். அதில் புறா என்று இருந்திருக்கிறது. அவரிடம் புறா இருந்திருக்கிறது.

நிவேதாவுக்குப் படம் அனுப்பினேன். அழகாக இருக்கிறது என்று முதலில் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் போனே வந்தது. விருந்தினர் பரம்பரையாக ராஜாளி வளர்ப்பவராம். பறவைகளைப் பற்றி அவரிடம் யாரும் விளையாட முடியாதாம். அழிந்துவரும் புறா என்று பலகை வைத்துவிட்டு வெள்ளைப் புறாவைக் காட்டினால் அவர் அங்கேயே கேட்டுவிடுவாராம். "அங்கிள், ஏதாவது பண்ணுங்க. ப்ளீஸ்" என்றார். திருப்பி அனுப்பிப் புதிதாக வரவழைக்க நேரம் இல்லை.

தயாபரனிடம் போனேன். அவர் சன்னமான குரலில், "சரி, என்ன வழியெண்டு ஒரு ஷீட் போட்டுக் கொண்டு வாரும்" என்றார். கட்டடம் தீப்பிடித்தாலும் அவர் அதைத்தான் சொல்வார் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு.

விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்று பத்தி போட்டேன். ஒன்று, சப்ளையரே மாற்றி அனுப்புவது: நிறம் சரியாக இருக்கும், திறப்புவிழா முடிந்த பிறகு வரும். இரண்டு, வெளியே கார்களுக்கு வண்ணம் தெளிக்கும் கடை: சீக்கிரம் முடிப்பார்கள், ஆனால் எல்லாப் புறாவும் ஒரே பழுப்பாக இருக்கும், இறகுக்கு இறகு கரை போட முடியாது என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார்கள். மூன்று: வெள்ளையைத் தேய்த்து எடுத்து, அலகு வெட்டை அடைத்து, கையாலேயே முழு வண்ணமும் போடுவது, திறப்புவிழாவுக்கு முன் முடியும், கூடுதல் தொகை எதுவும் இல்லை. நிபந்தனை என்ற வரிசையில் மட்டும் மூன்றாவது பத்தியில் ஒன்று எழுதினேன்: இரண்டு வருட வேலை விசா.

பத்திகளுக்கு மேலே பெயர்களையும் எழுதினேன். எழுதாமல் விட்டால் அது முறையான பட்டியல் ஆகாது.

தயாபரன் கண்ணாடியைத் துடைத்தார். ஸ்கேலை எடுத்துப் பெயர்களை மறைத்தார். முதல் பத்தி, ஒரு துண்டு பனங்கட்டி. இரண்டாவது பத்தி, ஒரு துண்டு. மூன்றாவது பத்தியில் கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றார்.

"இந்த மூண்டாவது ஆள் காசு கேக்கேல்லை ஐசே. விசா கேக்கிறார்."

"ஆமா சார்."

"இவைக்கு ட்ரேட் லைசென்ஸ் இருக்கோ?"

"இருக்கு சார். இந்த மாசத்தோட முடியுது. அதான் கேக்கிறாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் அறை ஜன்னலுக்கு வெளியே ஏசிப் பெட்டியின் மேல் இருந்த புறாக்களைப் பார்த்தேன். பிறகு பனங்கட்டித் துண்டு உடைகிற சத்தம் கேட்டது.

"சந்தையில வேற ஆள் இல்லையெண்டால், கண்டிஷனை ஏற்கத்தானே வேணும்" என்றார். மூன்றாவது பத்தியில் வட்டம் போட்டார். கையெழுத்தும் போட்டார். அதுவரை நான் பார்த்திராத ஒன்றை அன்றைக்குச் செய்தார். ஸ்கேலை எடுத்துப் பெயரைப் பார்க்காமலேயே, தாளை ஸ்கேலோடு சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு மந்தூபைப் போனில் கூப்பிட்டு, அந்த கான்சலேஷனை நிறுத்து, ரினியூவலுக்குப் போடு என்று அரபியில் சொன்னார். மந்தூப் காரணம் கேட்டிருக்க வேண்டும். "வேலை முடியேல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு அதையே அரபியில் சொன்னார்.

சேவியரிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கல்யாணப் புறாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உப்புத்தாள் எந்த நம்பர் இருக்கிறது என்று கேட்டார். சாயங்காலம் பட்டறைப் பக்கம் போனபோது மைத்துனரோடு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "லே, கஃபீலுகிட்ட சொல்லு. எனக்கு இங்கின பறவ வேல கிடைச்சிருக்குன்னு சொல்லு. லாஞ்சு வேண்டாம்னு சொல்லு." மைத்துனர் நம்பவில்லை போலிருக்கிறது. "பறவதான்லே, பறவ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை அருமையாக அமைந்தது. துரு நிறக் கரையை ஒற்றை மயிர்த் தூரிகையால் போட்டார். கழுத்துக் கோட்டில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. படத்தில் நாலு கோடு இருந்தது. அவர் ஐந்து போட்டிருந்தார். எண்ணிக் காட்டினேன்.

"கைக்கு அஞ்சுதான் வருகு" என்றார். "உழுவைக்க வயித்துல செவுளு அஞ்சு. எனக்கு அந்தப் பழக்கம்."

இனி நாலு போடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு வந்தவற்றுக்கெல்லாம் நாலு போட்டார். ஐந்து கோடு போட்டவற்றைக் கூரைக்கு மிக அருகில் தொங்கவிட்டோம். விருந்தினர் திறப்புவிழாவில் நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார். நல்ல வேலை என்று சொல்லி நிவேதாவுக்கு வாழ்த்துச் சொன்னார். நிவேதா பலகையைக் காட்டினார். தத்தெடுப்புப் பற்றிய நாலு வரியை அவர் படித்துவிட்டு, இந்தப் புறா இப்போது இங்கே எங்கே இறங்குகிறது என்று கேட்டாராம். வண்டி நிறுத்தும் இடத்தில் மரம் நடும் திட்டம் இருப்பதாக நிவேதா பதில் சொன்னாராம்.

சேவியரின் விசா புதுப்பித்து வந்த வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்பில் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர், பிறகு சமையல்காரர் கனி. கனி ராமநாதபுரம் பக்கத்துக்காரர், மீன் சமைப்பதில் கேம்பு முழுக்கப் பெயர் வாங்கியவர். அன்று சோற்றோடு மீன்புட்டும் குழம்பும் செய்திருந்தார்.

"சுறா. காலையிலயே மார்க்கெட்டுக்குப் போயி வாங்குனேன். புள்ள பெத்தவளுக்குப் போடுற மாதிரி பூண்டு அள்ளிப் போட்டிருக்கேன் சார்" என்றார்.

சேவியர் குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். தோல் பக்கத்தை விரலால் வழித்துவிட்டுப் பார்த்தார். சாம்பல் தோலில் மங்கலாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

"இது சுறா இல்ல கனி."

"சுறான்னுதாங்க குடுத்தான். தலையும் துடுப்பும் இல்லாம முண்டமாத்தான் கிடந்துச்சு."

"தலயும் துடுப்பும் இருந்தா நீ வாங்கியிருக்க மாட்ட. அவனும் வெளியில வச்சு வித்திருக்க மாட்டான். இது உழுவை."

கனிக்கு அந்தப் பெயரின் கனம் தெரியாது. நல்லாயில்லையா என்று கேட்டார். சேவியர் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்தாம் படி, நான் எழுதிய எண், எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ தெரியாது.

"சாப்பிடுவீங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "இது ஜெயிச்சிருந்தா எனக்கு விசா தந்திருக்கும் சாரே. தோத்துப் போச்சு, சோத்துக்கு வந்திருக்கு. நான் தோத்திருந்தா இந்நேரம் லாஞ்சுல நின்னு இதத்தான் இழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். பிறகு துண்டை எடுத்துச் சோற்றில் பிசைந்தார். "கனி, பூண்டு நல்லா வெந்திருக்கு."

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஆர்டர் யாருக்கு என்று முடிவானதும், தோற்ற கம்பெனிக்கும் ஒரு கடிதம் போகும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை வாய்ப்பளிக்க இயலவில்லை, வருங்காலத்தில் தங்களோடு பணியாற்றுவோம் என்று நம்புகிறோம். வேலையில் இருந்த காலம் முழுவதும் அதை நான் அனுப்பாமல் விட்டதில்லை. அந்த ஒரு பட்டியலுக்கு மட்டும் அனுப்பவில்லை.

கனி கரண்டியோடு என் பக்கம் திரும்பி நின்றார். தட்டை நீட்டினேன்.